டெலிகிராம் கிஃப்ட்டா, யூசர்நேமா, +888 நம்பரா, ரெட்டிட் அவதாரா: காசு போடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

டெலிகிராம்ல யார் ப்ரொஃபைலத் திறந்தாலும் இப்ப தொப்பி, தவளை, மோதிரம், கேக்குன்னு கிஃப்ட் வரிசையா நிக்குது, அதப் பாத்துட்டு "நானும் ஒண்ணு வாங்கி வைக்கலாமா, பின்னாடி விலை ஏறுமா"ன்னு கேக்குறவங்க அதிகமாயிட்டாங்க. இன்னொரு பக்கம் சேனல் நடத்துறவங்க நல்ல யூசர்நேம் ஒண்ணு ஏலத்துல எடுக்கலாமான்னு யோசிக்கிறாங்க, கொஞ்சம் பழைய ஆளுங்க ரெட்டிட்ங்கற கலந்துரையாடல் தளத்தோட அவதார் (ப்ரொஃபைல்ல வைக்கிற உருவப்படம்) இப்ப சீப்பா கிடைக்குதே, அத வாங்கலாமேங்கிறாங்க. எல்லாத்துக்கும் பேரு ஒண்ணுதான், டிஜிட்டல் கலெக்டிபிள், ஆனா உள்ள போய்ப் பாத்தா ஒவ்வொண்ணும் வேற வேற பொருள், காசு கட்டுற விதம் வேற, திருப்பி விக்கிற விதம் வேற, மாட்டிக்கிற இடமும் வேற. அதனால ஒண்ணொண்ணா பாப்போம்.

## எத வச்சு முடிவு பண்றது

முதல் கேள்வி, இந்தப் பொருள் எங்க தெரியும், அந்த இடம் யார் கையில இருக்கு. இதத்தான் ரொம்பப் பேர் கேக்கவே மாட்டேங்கிறாங்க. "பிளாக்செயின்ல (யார்கிட்ட என்ன இருக்குன்னு பல கம்ப்யூட்டர்ல சேந்து எழுதி வைக்கிற பொதுப் பதிவேடு) இருக்கு, யாராலயும் பிடுங்க முடியாது"ன்னு சொல்றது உண்மைதான், ஆனா நீங்க காசு குடுக்குறது பிளாக்செயின்ல ஒரு வரி இருக்கறதுக்காக இல்ல, உங்க பேருக்குப் பக்கத்துல அது தெரியணும்ங்கறதுக்காக, அந்தத் தெரியுற வேலைய பண்றது கம்பெனி. பட்டா நம்ம பேர்ல இருக்கு, நிலத்துக்குப் போற வழி மட்டும் அடுத்தவர் நிலத்துல போகுதுன்னா நிலத்துக்கு என்ன விலை கிடைக்கும்? அந்த மாதிரி நிலைமை இது.

நடந்தத பாருங்க. இன்ஸ்டாகிராம் 2022 மே மாசம் டிஜிட்டல் கலெக்டிபிள் காட்டுற வசதிய சோதனைக்கு விட்டாங்க, ஆகஸ்ட்ல 100 நாட்டுக்கு விரிச்சாங்க, நவம்பர்ல ஆப்புக்குள்ளயே உருவாக்கி விக்கலாம்னாங்க, 2023 மார்ச்ல மொத்தமா மூடப்போறோம்னு சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் கூட முழுசா ஓடல. ட்விட்டர் 2022 ஜனவரில காசு கட்டுற யூசர்களுக்கு என்எஃப்டி (பிளாக்செயின்ல ஒருத்தர் பேர்ல பதிஞ்ச டிஜிட்டல் பொருள்) ப்ரொஃபைல் படத்த அறுகோண வடிவத்துல காட்டுற வசதி குடுத்துச்சு, எக்ஸ்னு பேர் மாறின பிறகு 2024 ஜனவரில சத்தமில்லாம அத எடுத்துட்டாங்க. அந்த என்எஃப்டி எல்லாம் இன்னைக்கும் பத்திரமா வாலட்ல, அதாவது வாங்கினவரோட டிஜிட்டல் பணப்பைல இருக்கு, காட்டுறதுக்குத்தான் இடம் இல்ல.

ரெண்டாவது கேள்வி, திருப்பி விக்கணும்னா யார் வாங்குவா. ட்விட்டரோட ஜாக் டோர்சி போட்ட முதல் ட்வீட்ட 2021 மார்ச்ல ஒருத்தர் 29 லட்சம் டாலருக்கு வாங்கினார், அடுத்த வருஷம் ஏப்ரல்ல 4.8 கோடி டாலர் வேணும்னு விலை சொல்லி ஏலத்துல விட்டா, ஏலம் முடியுறப்ப வந்த பெரிய கேள்வியே 280 டாலர் பக்கம்தான். ஒரு தடவை பெரிய விலைக்குப் போச்சுங்கறதும் நாளைக்கும் அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்குங்கறதும் ஒண்ணு இல்ல.

மூணாவது, எல்லாம் சேத்து எவ்வளவு ஆகுது: ஆப் ஸ்டோர் பங்கு, விக்கிறப்ப பிடிக்கிற கட்டணம், நம்ம ஊர் வரி. நாலாவது, அக்கவுன்ட் போனா பொருளும் போகுமா. அஞ்சாவது ஒண்ணு இருக்கு, நான் எவ்வளவு குடுத்து வாங்கினேன்னு ஊருக்கே தெரியுமா, இத யூசர்நேம் பகுதில சொல்றேன்.

## புது கிஃப்ட்: டெலிகிராம்கிட்ட இருந்தே ஸ்டார்ஸ் குடுத்து வாங்குறது

ஸ்டார்ஸ்ங்கறது டெலிகிராமோட உள் காசு, 2024 ஜூன்ல வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல கிஃப்ட் வந்துச்சு, 2025 ஜனவரி பிறந்ததும் லிமிடெட் கிஃப்ட்ட அப்கிரேட் பண்ணி தனி நம்பர் உள்ள கலெக்டிபிளா மாத்துற வசதி வந்துச்சு. இங்கயே ஒரு விஷயத்த தெளிவா புரிஞ்சுக்கணும், டெடி, இதயம், ரோஜா மாதிரி எப்பவும் கிடைக்கிற கிஃப்ட்ட அப்கிரேட் பண்ண முடியாது, அது அன்பளிப்பு மட்டும்தான். லிமிடெட்னு போட்டு மொத்தம் இத்தனைதான்னு எண்ணிக்கை காட்டுறதுலதான் இந்தக் கலெக்டிபிள் கதை.

அப்கிரேட் பட்டன தட்டினா தனியா கொஞ்சம் ஸ்டார்ஸ் பிடிச்சுக்கும், அப்புறம் மாடல், பின்னணி நிறம், சிம்பல்னு மூணும் குலுக்கல்ல விழும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எத்தனை சதவீதம் பேருக்கு இது கிடைக்கும்னு எழுதியிருக்கும். சந்தைல விலைய தீர்மானிக்கிறது இந்த மூணும்தான், அதுலயும் மாடலும் பின்னணியும்தான் முக்கியம், கருப்புப் பின்னணி விழுந்தா விலை ஏறும், மாடலோட நிறமும் பின்னணி நிறமும் ஒத்துப்போனாலும் ஏறும். சும்மா ஒரு நிறத்துல சாதாரண மாடல் விழுந்தா அந்த வரிசையோட அடிமட்ட விலைதான், கிஃப்ட் விலையும் அப்கிரேட் கட்டணமும் சேத்து நீங்க போட்டதவிட அது கம்மியாவும் இருக்கலாம். குலுக்கல்னு தெரிஞ்சே போடணும்.

எண்ணிக்கைய பாக்காம யாரும் வாங்காதீங்க. 2025 ஜூலைல ஸ்னூப் டாக் பேர்ல கிஃப்ட் விட்டாங்க, அரை மணி நேரத்துல 9,96,000 கிஃப்ட் 1.2 கோடி டாலருக்குப் போச்சுன்னு டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவே அறிவிச்சார். கம்பெனிக்கு அது பெரிய வெற்றி, சரி, ஆனா வாங்கினவர் பக்கமிருந்து பாருங்க, உங்க கையில இருக்கறது பத்து லட்சத்துல ஒண்ணு. பிளஷ் பெபேன்னு ஒரு தவளை கிஃப்ட் இருக்கு, மொத்தமே மூவாயிரத்துக்கும் கம்மி, டெலிகிராம் கிஃப்ட்லயே உச்ச விலைல நிக்கிறது அதுதான். ரெண்டுமே லிமிடெட்தான்.

காசு கட்டுறது இதுல சுலபம். பிளே ஸ்டோர் வழியா யூபிஐலயே ஸ்டார்ஸ் வாங்கிடலாம், கிரிப்டோவ தொடவே வேண்டாம். ஆனா அந்த சுலபத்துக்குத் தனியா விலை இருக்கு, கூகிளோட, ஆப்பிளோட பங்கு அந்த விலைக்குள்ளயே உக்காந்திருக்கும், அதனால டெலிகிராமோட பிரீமியம் பாட்லயோ (பாட்னா சாட்ல தானா வேலை செய்யுற கணக்கு) ஃப்ராக்மென்ட்லயோ (டெலிகிராம் யூசர்நேம், நம்பர் எல்லாம் ஏலத்துல விக்கிற தளம்) அதே ஸ்டார்ஸ் கம்மி விலைக்குக் கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

திரும்ப விக்கிறப்பதான் வழி குறுகுது. ஆப்புக்குள்ளயே வித்தா டெலிகிராம் ஒரு பங்கு எடுத்துக்கிட்டு மிச்சத்த ஸ்டார்ஸா தரும், அத வச்சு இன்னொரு கிஃப்ட் வாங்கலாமே தவிர பேங்க் அக்கவுன்ட்டுக்கு நேரா வராது. விக்கிறப்ப டான்காயின்ல (டெலிகிராம்ல புழங்குற கிரிப்டோ காசு, சுருக்கமா டான்) மட்டும்தான் வாங்குவேன்னு போட்டு வைக்கவும் வழி இருக்கு, அப்ப கிரிப்டோ வரி கூடவே வந்துரும். வெளிச்சந்தைல விக்கணும்னா கிஃப்ட்ட பிளாக்செயினுக்கு எடுக்கணும், அப்கிரேட் பண்ணின உடனே அது முடியாது, குறிப்பிட்ட நாள் காத்திருக்கணும், எப்ப எடுக்கலாம்னு அந்த கிஃப்ட் பக்கத்துலயே காட்டும். விலை உச்சத்துல இருக்குற முதல் சில நாள்ல உங்க கை கட்டியிருக்கும்ங்கறத கணக்குல வச்சுக்கோங்க.

ப்ரொஃபைல்ல வரிசையா காட்டுறது எல்லாருக்கும் முடியும், பேருக்குப் பக்கத்துல ஸ்டேட்டஸா போட்டுக்கணும்னா டெலிகிராம் பிரீமியம் சந்தா வேணும். அதுவும் மாசாமாசம் போற செலவுதான்.

பிறந்தநாளுக்கு ஒருத்தருக்குக் குடுக்கணும், பிடிச்ச சேனல்காரருக்கு மரியாதையா ஏதாவது அனுப்பணும்னா இது நல்ல பொருள். அப்கிரேட் பண்றப்ப அனுப்பினவர் பேரும் எழுதின வாழ்த்தும் அதுலயே பதிஞ்சு இருக்குற மாதிரி வச்சுக்கலாம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

## ஏற்கனவே அப்கிரேட் ஆன கிஃப்ட்: அடுத்தவர்கிட்ட இருந்து வாங்குறது

குலுக்கல் கிடையாது, என்ன வாங்குறோம்னு கண்ணால பாத்துட்டு வாங்குறோம், அதுதான் இதோட பெரிய பலம். 2025 மே வாக்குல ஆப்புக்குள்ளயே மறுவிற்பனை சந்தை வந்துருச்சு, அதுக்கு வெளிய கெட்ஜெம்ஸ், போர்ட்டல்ஸ், டன்னல்னு சந்தைகள் இருக்கு. ஒரே வரிசைல இருக்குற கிஃப்ட்ட மாடல், பின்னணின்னு பிரிச்சு, ஏறுவரிசைல விலை பாக்கலாம்.

இதுல கத்துக்க வேண்டியது ஒண்ணு, கேக்குற விலைக்கும் போற விலைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. ஒரு அபூர்வ மாடலுக்கு ஒருத்தர் 500 டான்னு போட்டு வச்சிருப்பார், அத பாத்துட்டு நம்ம கிட்ட இருக்குறதும் 500 பெறும்னு நினைச்சிருவோம். கடைசியா அதே மாடல், அதே பின்னணி என்னைக்கு எவ்வளவுக்குப் போச்சுன்னு பாருங்க. ரெண்டு மாசமா ஒரு விற்பனையும் இல்லன்னா அந்த 500 வெறும் ஆசைதான்.

அடுத்து டான்காயினோட விலை. 2024 ஜூன்ல அது 8 டாலருக்கு மேல போச்சு, 2025 கடைசில 2 டாலருக்கும் கீழ. 8 டாலர் இருந்தப்ப 100 டான் குடுத்து யூசர்நேமோ வேற எதோ ஒருத்தர் வாங்கினார்னு வைங்க, 2025 கடைசிலயும் அது 100 டானுக்குப் போச்சுன்னே வைங்க, "விலை இறங்கவே இல்ல"ன்னு அவர் சொல்லலாம், ஆனா 800 டாலரா இருந்தது 200 டாலருக்கும் கீழ வந்துருச்சு. சந்தைல எல்லாரும் டான்லயே பேசுறதால இது கண்ணுக்குத் தெரியாமலே போயிருது. வாங்குற அன்னைக்கு ரூபாய்ல எவ்வளவுன்னு எழுதி வைங்க, வரி கட்டுறப்பவும் அது வேணும்.

சேகரிக்கிற ஆர்வம் உள்ளவங்க, ஒரு குறிப்பிட்ட மாடல் மேல ஆசைப்பட்டவங்க, இவங்களுக்குப் புதுசவிட இதுதான் நல்லது. கையில இருக்குற பணத்துல பாதிய இதுல போட்டு ரெட்டிப்பாக்கலாம்னு வர்றவங்களுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

## யூசர்நேம்: ஃப்ராக்மென்ட் ஏலம்

என்னைக் கேட்டா இந்த லிஸ்ட்லயே உருப்படியான பொருள் இதுதான், ஏன்னா இது அலங்காரத்துக்கு மட்டும் இல்ல, வேலை செய்யுது. சேனல் நடத்துறவருக்கு, கடை வச்சிருக்கறவருக்கு, வாயால சொன்னா எதிராளி தப்பில்லாம டைப் பண்ற மாதிரி சின்ன பேர் கிடைச்சா அது தினமும் பயன்படும், விலை ஏறினாலும் இறங்கினாலும்.

ஃப்ராக்மென்ட் 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. சாதாரணமா டெலிகிராம்ல குறைஞ்சது 5 எழுத்து வேணும், ஃப்ராக்மென்ட்ல வாங்குனா 4 எழுத்துப் பேரும் கிடைக்கும். ஒரே அக்கவுன்ட்டுக்கோ சேனலுக்கோ பல யூசர்நேம் மாட்டி வைக்கலாம், பழைய பேர விட வேண்டியதில்ல, அதனால ஏற்கனவே பகிர்ந்த லிங்க் எதுவும் செத்துப்போகாது. ஆரம்ப வேகத்துல 2022 நவம்பர்ல 'நியூஸ்'ங்கற ஆங்கிலப் பேர் 9,94,000 டானுக்குப் போச்சு, அந்தக் காலத்து விலையில கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். நம்மளுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், ஊர்ப் பேர், தொழில் பேர், தமிழ்ச் சொல்ல ஆங்கில எழுத்துல எழுதினது, இப்படி உலகச் சந்தைல யாரும் அடிச்சுக்காத பேரா தேடினா நியாயமான விலைக்கு அமையும்.

முதல்ல ஒண்ணு செய்ங்க, உங்களுக்கு வேணுங்கற பேர் சும்மாவே கிடைக்குதான்னு பாருங்க. 5 எழுத்தோ அதுக்கு மேலயோ உள்ள, யாரும் எடுக்காத பேருக்கு ஒரு பைசா வேண்டாம், செட்டிங்ஸ்ல போய் டைப் பண்ணினா ஆச்சு. கூட ஒரு எழுத்து சேத்தா இலவசமா கிடைக்குற பேருக்கு ஏலத்துல காசு கட்டுறதுக்கு, வலுவான காரணம் இருக்கணும்.

இப்ப மறைஞ்சிருக்குற செலவுகள். ஏலத்துல காசு டான்காயின்ல கட்டணும், அதுக்கு கிரிப்டோ வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்ச்ல கேஒய்சி, ஃப்ராக்மென்ட்லயும் கேஒய்சி கேக்கலாம். ஏலத்துல கடைசி நேரத்துல யாராவது ஏத்திக் கேட்டா நேரம் நீளும், அதனால கடைசி நிமிஷத்துல தட்டிட்டு ஜெயிச்சிரலாம்ங்கற யோசனை செல்லாது, உங்க உச்ச விலைய முன்னாடியே முடிவு பண்ணிட்டு உக்காருங்க. அப்புறம் நான் மேல சொன்ன அஞ்சாவது கேள்வி: கலெக்டிபிள் யூசர்நேம யாராவது தொட்டா, இத எந்தத் தேதில எத்தனை டானுக்கு வாங்கினாங்க, டாலர்ல எவ்வளவுன்னு டெலிகிராமே ஒரு சின்னப் பெட்டில காட்டும். அங்கிருந்து பிளாக்செயின்ல போய் உங்க வாலட்டையும் பாத்துரலாம். சேமிப்பு வச்சிருக்குற வாலட்ல இருந்து நேரா ஏலம் கேட்டா, சேனல்ல இருக்குற யார் வேணா உங்க இருப்ப எட்டிப் பாக்கலாம். ஏலத்துக்குன்னு தனி வாலட் வச்சுக்கோங்க, இத நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன்.

பிராண்டு பேர், நடிகர் பேர், கட்சிப் பேர் வாங்கி வச்சு அவங்களுக்கே விக்கலாம்னு ஒரு யோசனை சுத்துது. டிரேட்மார்க் வழக்கு உங்க வாசலுக்கு வர்ற வழி அது.

## +888 நம்பர்

சிம் இல்லாம டெலிகிராம்ல சேரலாம்னு 2022 டிசம்பர்ல கொண்டுவந்தது. +888ல ஆரம்பிக்கும், டெலிகிராமுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும், போன் வராது, வேற ஆப்போட ஓடிபி வராது, டெலிகிராம் லாகின் கோடும் ஃப்ராக்மென்ட் பக்கத்துலதான் வரும். பத்திரிகையாளர், வெளிநாட்டுல அடிக்கடி சிம் மாத்துறவர், சொந்த நம்பர எங்கயும் காட்டக் கூடாதுன்னு உண்மையாவே காரணம் உள்ளவர், இவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

இந்தியாவுல இருக்குறவங்க ஒண்ணு கவனிக்கணும். 2025 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை, மெசேஜிங் ஆப் எல்லாம் போன்ல இருக்குற சிம்மோட கட்டுப்பட்டுத்தான் ஓடணும்னு உத்தரவு போட்டுச்சு, அதுல டெலிகிராமும் அடக்கம். சிம்மே இல்லாத நம்பர் அந்தப் போக்குக்கு நேர் எதிர். நம்பர மறைக்கணும்கறது மட்டும்தான் நோக்கம்னா செட்டிங்ஸ்ல "என் நம்பர யாரும் பாக்கக் கூடாது"ன்னு வச்சா பெரும்பாலானவங்களுக்குப் போதும், அது இலவசம். முதலீடா இத வாங்குறத நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## ரெட்டிட் அவதார்

2022 ஜூலைல வந்தது, பாலிகான் பிளாக்செயின்ல. ஆரம்பத்துல நியாயமா பண்ணினாங்கன்னுதான் சொல்லணும். நிலையான விலை, 9.99 டாலர்ல இருந்து 99.99 டாலர் வரைக்கும், ஏலம் கிடையாது, சாதாரண கார்டுல கட்டலாம், வரைஞ்ச ஓவியர்களுக்குப் பங்கு போச்சு, மறுவிற்பனைலயும் ராயல்டி. என்எஃப்டிங்கற வார்த்தையவே பெருசா சொல்லாம விட்டாங்க, சில மாசத்துலயே முப்பது லட்சம் வாலட் திறந்தாச்சுன்னு அந்த வருஷ அக்டோபர்ல ரெட்டிட் அதிகாரி ஒருத்தர் மேடைலயே சொன்னார். அதுல பெரும்பங்கு இலவசமா குடுத்த அவதார எடுக்க வந்தவங்க.

விலை எங்க போச்சுன்னு சொல்றதவிட கம்பெனி மனசு எங்க போச்சுன்னு சொல்றது முக்கியம். 2023 அக்டோபர்ல ரெட்டிட் தன்னோட கம்யூனிட்டி பாயின்ட்ஸ் திட்டத்த (குழுக்கள்ல பங்கெடுக்குறவங்களுக்கு கிரிப்டோ புள்ளி குடுக்குறது) நிறுத்தப்போறோம்னு அறிவிச்சுச்சு, மூன்ஸ்னு ஒரு டோக்கன் அதுல ஓடிக்கிட்டிருந்துச்சு, அறிவிப்பு வந்த அன்னைக்கே அதோட பெரும்பகுதி விலை காணாம போயிருச்சு. அவதார் வேற திட்டம்தான், ஆனா ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

அதனால இப்ப மறுவிற்பனைல சீப்பா கிடைக்குதுன்னு வாங்குறவங்க, வாங்குற அன்னைக்கு அது ஆப்புக்குள்ள ப்ரொஃபைல்ல இன்னும் ஏறுதான்னு சோதிச்சுட்டு வாங்குங்க. ஏற்கனவே வச்சிருக்கறவங்க வால்ட்ங்கற ரெட்டிட்டோட சொந்த வாலட்ட நம்பி விட்டுராம, ரிகவரி வார்த்தைகள எடுத்து பேப்பர்ல எழுதி, மெட்டாமாஸ்க் மாதிரி வெளி வாலட்ல திறந்து பாருங்க, திறக்குதுன்னா பொருள் உங்களோடது. அந்த வார்த்தைகளையும் பாஸ்வேர்டையும் தொலைச்சா யாராலயும் மீட்க முடியாது.

ஓவியருக்காக வாங்குறவருக்கு, அந்த வரைபடம் பிடிச்சுப் போனவருக்கு, இது இன்னும் அழகான பொருள். பல வரிசை கையால வரைஞ்ச தரத்துல இருக்கு, டெலிகிராம் கிஃப்ட்டவிட எனக்கு இதுலதான் கலை அதிகம் தெரியுது.

## ஒரே பார்வையில

| | காசு கட்டுறது | தினசரி பயன் | வெளிய வர்றது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| புது கிஃப்ட் | ஸ்டார்ஸ், யூபிஐ போதும் | அன்பளிப்பு, அலங்காரம் | ஸ்டார்ஸா சுலபம், ரூபாயா சுத்து வழி | குலுக்கல், அப்கிரேட் கட்டணம், காத்திருப்பு |
| பழைய கிஃப்ட் | ஸ்டார்ஸ் அல்லது டான் | அலங்காரம், சேகரிப்பு | பிரபல வரிசைன்னா ஆள் உண்டு | டான் விலை, போலிச் சந்தைகள் |
| யூசர்நேம் | டான் | நிறைய, சேனல் நடத்துறவருக்கு | நல்ல சொல்லுன்னா உண்டு, நாள் ஆகும் | வாங்கின விலை ஊருக்கே தெரியும் |
| +888 | டான் | ஒரு சிலருக்கு மட்டும் | உண்டு, ஆனா பெரிய தொகை | சிம் கட்டாய உத்தரவு |
| ரெட்டிட் அவதார் | பாலிகான் வாலட் | ரெட்டிட்ல இருக்கறவருக்கு | மெதுவா | கம்பெனி ஆர்வம் குறைஞ்சது |

## வரி: இத விட்டுட்டு கணக்குப் போடாதீங்க

இந்தியாவுல 2022 ஏப்ரல் 1ல இருந்து கிரிப்டோ, என்எஃப்டி வித்து வர்ற லாபத்துக்கு 30 சதவீதம் வரி, செஸ் சேத்து 31.2. அதே வருஷம் ஜூலைல இருந்து விற்பனைத் தொகைல 1 சதவீதம் டிடிஎஸ். உங்க மொத்த வருமானம் கம்மியா இருந்தாலும் இதுக்கு விகிதம் இதுதான்.

இதுல நிஜமா வலிக்கிறது நஷ்டத்தக் கழிக்க முடியாதுங்கறது. ஒரு கிஃப்ட் 10,000 ரூபாய்க்கு வாங்கி 16,000க்கு வித்தீங்க, 6,000 லாபம். இன்னொரு கிஃப்ட்ல அதே வருஷம் 6,000 நஷ்டம். உங்க கைக்கு ஒரு பைசா லாபம் இல்ல, ஆனா முதல் கிஃப்ட்டுக்கு 1,872 ரூபாய் வரி கட்டியாகணும். வாங்கின விலைய மட்டும்தான் கழிக்க விடுவாங்க, வேற செலவு எதையும் கழிக்க முடியாது.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. டான்காயின் குடுத்து யூசர்நேம் வாங்குறது, வரிக் கணக்குல அந்த டான்காயின நீங்க வித்த மாதிரி. ஆறு மாசம் முன்னாடி கம்மி விலைக்கு வாங்கி வச்ச டான் ஏறியிருக்குறப்ப அத ஏலத்துல கட்டினா, கைக்கு ரூபாயே வராம லாபத்துக்கு வரி வந்து நிக்கும். சொந்தக்காரர் இல்லாதவங்க அனுப்பின கிஃப்ட் எல்லாம் சேத்து வருஷத்துல 50,000 ரூபாய் மதிப்பத் தாண்டினா, அது வாங்கினவரோட வருமானத்துல சேரும். ரிட்டர்ன்ல இதுக்குன்னே தனி அட்டவணை இருக்கு, அதுல காட்டணும். சிங்கப்பூர், வளைகுடா, இலங்கைல இருக்கற நம்மாளுங்களுக்கு அந்தந்த ஊர்ச் சட்டம், மேல சொன்னது இந்திய வரி கட்டுறவங்களுக்கு.

சட்டப் பாதுகாப்பு எந்த அளவுன்னும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர்ல மெட்ராஸ் ஹைகோர்ட், கிரிப்டோ ஒரு சொத்துதான், அத வச்சிருக்கறவருக்கு உரிமை உண்டுன்னு சொல்லியிருக்கு, இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒண்ணுல முடங்கின காயினுக்காக ஒருத்தர் போட்ட வழக்குல வந்த தீர்ப்பு அது. நல்ல விஷயம். ஆனா அங்க எதிர்ல நின்னது இந்தியக் கம்பெனி. டெலிகிராம் துபாய்ல உக்காந்திருக்கு, உங்க அக்கவுன்ட்ட முடக்கினா எந்தக் கதவத் தட்டுறதுங்கறது வேற கேள்வி.

## அப்ப யாருக்கு எது

சேனல், கடை, தொழில் நடத்துறவர்னா யூசர்நேம், வேற எதுவும் யோசிக்காதீங்க, அதுலயும் இலவசப் பேர் அமையலன்னா மட்டும். அன்பா குடுக்கணும்னா புது கிஃப்ட், அப்கிரேட் கட்டணத்த நீங்களே சேத்துக் கட்டி அனுப்பினா வாங்குறவருக்குச் செலவு இல்ல. சேகரிக்கணும்னா பழைய கிஃப்ட், ஒரே வரிசைல நாலு சாதாரணத்தவிட நல்லது ஒண்ணு வாங்குறது மேல், ஏன்னா விக்கிறப்ப சாதாரணத்துக்கு ஆயிரம் பேர் போட்டிக்கு நிப்பாங்க. மாணவர்கள், மாசச் சம்பளத்துல கை இறுக்கமா இருக்கறவங்க, லாபத்துக்காகன்னு எதையும் வாங்காதீங்க, இந்தச் சந்தைல முதல்ல விக்கிறவங்க எப்பவும் பாட் வச்சு நொடில வாங்கினவங்க, அவங்களுக்கு அப்புறம்தான் நம்ம முறை வரும்.

எதுவுமே வாங்காம இருக்கறதும் இதுல ஒரு வழிதான். பாதிப் பேருக்கு எனக்குத் தோணுறது அதுதான்.

வாங்கியாச்சுன்னா, இல்ல ஏற்கனவே கையில இருக்குன்னா, இன்னைக்கே பண்ண வேண்டியது கொஞ்சம் இருக்கு. ஆப்புக்குள்ள இருக்குற கிஃப்ட் உங்க அக்கவுன்ட்டோட கட்டியிருக்கு, அக்கவுன்ட் உங்க சிம்மோட. மூணு மாசம் ரீசார்ஜ் பண்ணாம விட்ட நம்பர் இன்னொருத்தருக்குப் போயிரலாம், அவர் லாகின் பண்ணப் பாத்தா தடுக்கறது டூ ஸ்டெப் பாஸ்வேர்ட் ஒண்ணுதான், அத போட்டு வைங்க. பிரைவசி பகுதில "இத்தனை மாசம் நான் வரலன்னா அக்கவுன்ட்ட அழிச்சிரு"ன்னு ஒண்ணு இருக்கும், அத அதிகபட்சத்துக்கு மாத்துங்க. விலை கூடின பொருளா இருந்தா பிளாக்செயின்ல சொந்த வாலட்டுக்கு எடுத்துருங்க, அக்கவுன்ட் போனாலும் அது நிக்கும்.

திருட்டுல இப்ப அதிகமா நடக்குறது பாட் வழியா. "உங்க கிஃப்ட்டோட மதிப்பு எவ்வளவுன்னு பாத்துச் சொல்றோம்"னு ஒரு பாட் வரும், அத டெலிகிராம் பிசினஸ்ல சாட்பாட்டா சேக்கச் சொல்லும், சேக்குறப்ப வர்ற அனுமதி லிஸ்ட்ல மெசேஜ் படிக்கிறதுக்குக் கீழ, கிஃப்ட்ட மாத்திவிடுறது, ஸ்டார்ஸ மாத்திவிடுறதுன்னு வரிசை இருக்கும். அவசரத்துல எல்லாத்துக்கும் டிக் அடிச்சா அடுத்த நிமிஷம் ப்ரொஃபைல் காலி, பாஸ்வேர்ட் எதுவும் கேக்காது. செட்டிங்ஸ், டெலிகிராம் பிசினஸ், சாட்பாட்ஸ்னு போய்ப் பாருங்க, நீங்க சேத்ததா ஞாபகம் இல்லாத பாட் எது இருந்தாலும் எடுத்துருங்க, சேத்த பாட்டா இருந்தாலும் கிஃப்ட், ஸ்டார்ஸ் அனுமதி ரெண்டையும் அணைச்சு வைங்க.